உசிலமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி

"தூசியப் பாக்குறதுக்கு ஒரு ஊரு கூடுமா பாப்பா?"

மைக் செட்காரர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி இது. கேட்கும்போது அவர் கையில் கூம்பு ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. எங்கள் பக்கம் அதைக் கொழா என்பார்கள். பச்சை வண்ணம் உரிந்து, விளிம்பில் ஓரிடம் நெளிந்த கொழா. அதை மண்பாதையின் நடுவில் கவிழ்த்து வைத்துவிட்டு, இடுப்பில் கைகொடுத்து நின்று, இரண்டு பக்கமும் பார்த்தார். குஜிலியம்பாறைக்குக் கிழக்கே மானாவாரிக் காடுகளுக்கு நடுவே போகும் பாதை அது. ஒரு பக்கம் துவரை, மறுபக்கம் அறுத்த சோளக்காடு. கண்ணுக்கு எட்டியவரை ஆள் இல்லை. அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. "கூடும் அண்ணே. நான் கூட்டுறேன்" என்றேன்.

கார் ராலி நடத்தும் சங்கம் ஒன்றில் உள்ளூர்ச் செய்திப் பொறுப்பு எனக்குக் கிடைத்திருந்த நேரம். ராலி என்பது வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம் இல்லை. கிராமத்து மண்பாதைகளைச் சில மணி நேரம் அடைத்துவிட்டு, கார்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். ஓட்டுபவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அடுத்த வளைவு எப்படி என்று வாசித்துக்கொண்டே வருவார். யாரும் யாரையும் கண்ணெதிரே முந்துவதில்லை. கடிகாரத்தோடுதான் போட்டி. அதனாலேயே வழியில் நிற்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஒரு கார் சீறிக்கொண்டு போகும், தூசி எழும், தூசி அடங்கும். போனது யார், முன்னால் இருப்பவரா பின்தங்கியவரா, எதுவும் தெரியாது. மறுநாள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் நான்கு வரி வரும். அந்த நான்கு வரியில் இந்த ஊரின் பெயர்கூட இருக்காது. எங்கள் பாதையில் ஓடிய பந்தயம் எங்களுக்கு வெளியே நடந்து முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சாணார்பட்டிப் பக்கம் தக்காளியும் கத்தரியும் போடுகிற குடும்பம். நான் எழுதிய முதல் செய்திக் குறிப்பு அச்சாகி வந்த அன்று அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஒம் பேரு எங்கத்தா இருக்கு?" என்றார். செய்திக் குறிப்பில் எழுதியவர் பெயர் போடமாட்டார்கள் என்று விளக்கினேன். "பேரு போடாமயா எழுதுற?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். சங்கத்தில் மற்றவர்கள் பெரிய ஊர்க்காரர்கள். கூட்டத்தில் அவர்கள் பேசும் வேகத்துக்கு என் ஆங்கிலம் ஓடாது. வீட்டில் என் வேலை புரியவில்லை. வேலையிடத்தில் என் வீடு புரியவில்லை. நடுவில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அதையும் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

முதல் வருடம் ஊர் ஊராகப் போனேன். எந்த எண் கார், என்ன நிறம், ஓட்டுபவர் எந்த ஊர், பக்கத்தில் உட்காருபவர் யார் என்று தமிழில் எழுதி டீக்கடையிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டினேன். ஒன்பதாம் எண் காரில் வாசித்துக்கொண்டு வருபவர் திண்டுக்கல்லில் படித்தவர் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பாதையோரத்து ஊர் ஒன்று ஒன்பதாம் எண்ணைத் தன் காராக்கிக்கொண்டது. பக்கத்து ஊர் விடுமா? அவர்கள் சிவப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நான்காம் எண்ணை எடுத்துக்கொண்டார்கள். "ஒங்க காரு பல் வெளக்கிட்டு வர்றதுக்குள்ள எங்க காரு போயிட்டுத் திரும்பிரும்ல" என்று டீக்கடையில் பேச்சு நடந்தது. கார்கள் வருவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மைக் செட்காரருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். குட்டையான ஆள். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஜல்லிக்கட்டு என்று எல்லாவற்றுக்கும் கொழா கட்டியவர். கட்டுவதோடு விடாமல் மைக்கையும் தானே பிடித்துக்கொள்வார். காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு ஊரின் முன்னால் பேசத் தெரியாது. வயர்லெஸ்காரர் பாதையின் தொடக்கத்திலிருந்து வரும் நேரத்தைச் சொல்ல, நான் துண்டுத் தாளில் எழுதி நீட்ட, அவர் பார்த்துச் சொல்லுவார். அவருக்கு எண்கள் மட்டும் வாசிக்கத் தெரியும். மற்றதை நான் காதில் சொல்ல வேண்டும். காதில் நான் சொன்னது ஒரு வாக்கியம் என்றால், கொழாவில் வந்தது வேறு.

"அவுத்து விட்டாச்சு, அவுத்து விட்டாச்சு! அஞ்சாம் நம்பரு காரு கெளம்பியாச்சு! ஏ அப்பு, முன்னால நிக்கிற சட்டைக்காரரே, பின்னால வாங்க. புடிச்சுத் தொங்க இதுக்குத் திமிலு கெடையாது!"

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தது. "நாலாம் நம்பருக்கும் ஒம்போதாம் நம்பருக்கும் ரெண்டே செகண்டு வித்தியாசம். ரெண்டு செகண்டுன்னா எம்புட்டு? எங்க வீட்டம்மா எனக்குப் பதில் சொல்ற நேரம்!" என்றார். தூசி வழியே போன கார்களுக்கு அன்று முகம் வந்துவிட்டது. ஊர் கூடியிருந்தது. வெயில் இறங்கியபின் கொழாவை அவிழ்த்துக்கொண்டே, "கூட்டிட்ட பாப்பா" என்றார். என் வேலையைப் பற்றி அதன் முழு அளவும் தெரிந்த ஒருவர் சொன்ன ஒரே பாராட்டு அதுதான்.

மறு வருடம் அதே பாதை, அதே வளைவு. வளைவுக்கு இரண்டு பக்கம் உண்டு. உள்பக்கம் இடுப்புயரப் பாறைத்திட்டு ஒன்று. வெளிப்பக்கம் உசிலமரம் ஒன்று தனியாக நிற்கும். கார் பிடி தவறினால் வெளிப்பக்கம்தான் போகும். அதனால் வெளிப்பக்கம் ஆள் நிற்கக் கூடாது என்பது ராலியில் முதல் விதி. முந்தைய நாள் பாதையைப் பார்த்துப்போன அதிகாரிகள், கொழா பாறைமேல் இருப்பதைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தார்கள். காலையில் வெளியூரிலிருந்து புகைப்படக்காரர்கள் வந்தார்கள். நான் மூன்று மாதம் கடிதம் எழுதி வரவழைத்தவர்கள். ஒருவர் கேமராவை வைத்துப் பார்த்துவிட்டு, "படத்தில் காருக்குப் பின்னால் கூட்டமே வரவில்லையே, வெறும் காடுதான் தெரிகிறது" என்றார். எனக்கு அந்த நான்கு வரிச் செய்தி ஞாபகம் வந்தது. படம் வந்தால் அரைப் பக்கம் வரும். ஊர்ப் பெயரும் வரும்.

"அண்ணே, கொழாவ அந்த உசிலமரத்துல கட்டிருங்க" என்றேன்.

அவர் மரத்தைப் பார்த்தார். "கொழா இருக்க பக்கம்தான் பாப்பா கூட்டம் வரும். திருவிழாவுல நான் பாக்காததா?"

"அதுக்குத்தாண்ணே சொல்றேன். கயிறு போட்டிருக்காங்க, யாரும் தாண்ட மாட்டாங்க."

"படிச்ச புள்ள சொல்ற" என்று அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போனார். கேலி இல்லை, நம்பித்தான் சொன்னார்.

நான்கு கார்கள் போகும்வரை கயிறு கயிறாகவே இருந்தது. நாலாம் எண்ணின் நேரத்தைச் சொன்னதும் பக்கத்து ஊர்க்காரர்கள் விசிலடித்தார்கள். ஒன்பதாம் எண்ணின் ஆட்கள் பதிலுக்குச் சத்தம் போட்டார்கள். அந்தக் கூச்சலில் கொழா சரியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் மரத்தடிக்கு வர வேண்டும். வந்தார்கள். கயிறு தரையில் கிடந்தது. மைக்கில் அவர் "பின்னால போங்கய்யா, பின்னால போங்க தாயி" என்று கத்தக் கத்த, என்னவோ சொல்கிறார் என்று இன்னும் பக்கத்தில் வந்தார்கள். ஐந்தாம் எண் கார் அவர்களைத் தொடாமல் போனது. எவ்வளவு பக்கத்தில் போனது என்பதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த நிமிடம் வயர்லெஸில் உத்தரவு வந்தது. இந்தப் பாதையில் இனிக் கார் வராது, ரத்து.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ரத்து என்பதைக் கூட்டத்துக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒலிபெருக்கியை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வெயிலில் ஊர் காத்து நின்றது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பூக்காட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "ஒம்போதாம் நம்பரு இன்னும் வரலையேத்தா, வழியில எதும் ஆயிப்போச்சா?" என்று கேட்டார். "இல்லம்மா, நல்லாருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். "அப்ப செத்த நேரம் இருந்து பாத்துட்டுப் போறேன்" என்று நின்றார். கடைசிவரை நின்றார்.

அன்று சாயங்காலமே அறிக்கை கேட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். ஒலிபெருக்கி பாறைமேல் வைக்க அனுமதிக்கப்பட்டிருந்தது. மைக் செட்காரர் அன்று காலை அதை வெளிப்பக்க மரத்தில் கட்டினார். கூட்டம் அங்கே திரண்டது. ஒரு வரியும் பொய் இல்லை. கட்டச் சொன்னது யார் என்பது மட்டும் அதில் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். என் பெயர் அவ்வளவு அழகாக அதற்கு முன் விழுந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் வேறு யாராலும் வாசிக்க முடியாத தாள் அது. மைக் செட்காரராலும் வாசிக்க முடியாது.

கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் கேட்டார். "என்ன எழுதுன பாப்பா?"

"நடந்ததத்தாண்ணே எழுதுனேன்."

"அப்பச் சரி" என்றார்.

சங்கம் அந்தப் பாதையை விட்டுவிட்டது. அறிக்கையில் இருந்தது வாய்வழியே ஊருக்கு வந்து சேர்ந்தது. பந்தயத்தை நிறுத்தினவன் என்று அவருக்குப் பெயர் விழுந்தது. அடுத்த திருவிழாவுக்கு வேறு மைக் செட் வந்தது. இதையெல்லாம் நான் கேள்விப்பட்டேன், போகவில்லை. என் வேலை நீடித்தது. வேறு மாவட்டங்களில் ராலி நடந்தது. வளைவுகளில் தனியாக நின்று, நேரங்களைக் கைப்பேசியில் தட்டி அனுப்பினேன். தூசி எழும், அடங்கும். பக்கத்தில் நிற்பவர்கள் "யாரும்மா போறது?" என்று கேட்பார்கள். சொல்லுவேன். ஒருவருக்குச் சொன்னால் ஒருவருக்குத்தான் கேட்கும்.

திண்டுக்கல்லில் நான் குடியிருக்கும் தெருவில் காலை எட்டு மணிக்கு ஒரு காய்கறி வண்டி வரும். போன ஆடியில் ஒருநாள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, "வெஞ்சனத்துக்கு என்ன செய்யிறதுன்னு யோசிக்காதீங்க தாயி, வீட்டு வாசலுக்கே வந்தாச்சு!" என்று தெருவில் மைக் செட்காரர் குரல் கேட்டது. வாயைக் கொப்பளிக்காமல் கீழே ஓடினேன். வண்டியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பதிவு செய்த குரல். அதே வாக்கியம், அதே இழுப்பு, திரும்பத் திரும்ப. "யாருண்ணே பேசுனது?" என்றேன். "குஜிலியம்பாறப் பக்கம் ஒரு ஆளும்மா. நல்லா பேசுவாரு" என்றார் வண்டிக்காரர். அன்றிலிருந்து தினமும் அந்தக் குரல் என் ஜன்னலுக்குக் கீழே வருகிறது. யாரையும் பின்னால் போகச் சொல்வதில்லை. யாரும் சிரிப்பதும் இல்லை.

இந்த வருடம் சங்கம் மறுபடி எங்கள் பக்கம் வருகிறது. ரசிகர்களை எப்படிச் சேர்ப்பது என்று திட்டம் எழுதித் தரச் சொன்னார்கள். பறக்கும் கேமரா, நேரலை என்றெல்லாம் பேசினார்கள். அந்தக் காட்டில் கைப்பேசிக்கு ஒரு கோடு சிக்னல்கூட வராது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் பழைய வளைவைத்தான் எழுதினேன். கூட்டத்தை நிறுத்தும் இடம் கயிற்றால் அமைவதில்லை, சத்தத்தால் அமைகிறது. ஒலிபெருக்கி உள்பக்கப் பாறைமேல், பாதைக்கு முதுகு காட்டி, காட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்று எழுதினேன். அதற்கு முன் தனியாக ஒரு பக்கம் எழுதினேன். மரத்தில் கட்டச் சொன்னது நான், மைக் செட்காரர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை இரண்டையும் அனுப்பிவிட்டேன். இதுவரை பதில் இல்லை. இந்த வேலை இருக்குமா என்றும் தெரியாது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மைக் செட்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "இத அன்னைக்கே எழுதிருக்கலாம்ல பாப்பா" என்றார். தாளை மடித்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. உள்ளே போய்க் கொழாவை எடுத்துவந்து என் முன்னால் கவிழ்த்து வைத்தார். "நான் வரல. இத வேணா எடுத்துட்டுப் போ."

பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "இதுக்கும் ஒரு டிக்கெட்டா தாயி?" என்று கண்டக்டர் சிரித்தார். மெயின் ரோட்டில் இறங்கி வளைவுவரை நடந்தேன். துவரை பூத்திருந்தது. ஆள் யாரும் இல்லை. பாறைமேல் கொழாவை வைத்து, காட்டைப் பார்க்கத் திருப்பி, நெளிந்த விளிம்பு கீழே வரும்படி சரிசெய்து, அது உட்கார்ந்த இடத்தைச் சுற்றி, பையில் கொண்டுவந்த சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டேன். பிறகு கொழாவை எடுத்துக்கொண்டு பாதையைக் கடந்து உசிலமரத்துக்குப் போனேன். பழைய கம்பியின் ஒரு துண்டு இன்னும் கிளையில் இறுகிக் கிடந்தது. ஏறி அதை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.