டவரடியில் இருந்தவர்

பெரம்பலூரில் எங்கள் வீட்டை ஒட்டி டிவி டவர் நின்றது. என் மனைவிக்கு இரண்டு முறை கரு கலைந்தது. டவர்தான் காரணம் என்று நம்பினேன். மூன்றாவது முறை அவள் உண்டானதும், டவர் வாட்ச்மேனிடம் சண்டைக்குப் போனேன்.

ஒல்லியான மனிதர். பித்தான் போன காக்கிச் சட்டை. எதைக் கேட்டாலும் டவரை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“இதால ஒன்னும் ஆவாதா?” என்று கத்தினேன்.

அண்ணாந்து பார்த்தார். “ஆபீசருங்க ஆவாதுங்கறாங்க. எனக்கென்ன தெரியும் தம்பி?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எம் மவளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு போட்டு இங்க அழைச்சாரணும். இந்த டவரடி கோட்டர்ஸ் ஒழுவுதுன்னு பொய் சொல்லி மாமியா வூட்லயே விட்டுட்டேன். வக்கத்தவன்னு சம்பந்தி ஏசுறாரு. ஏசட்டும். நீங்களும் ஒங்க வூட்டம்மாவ அவங்க அம்மாகிட்ட அனுப்பிருங்க.”

“அப்ப நீங்க?”

“நான் என்ன புள்ளையா பெக்கப்போறேன்?” என்று சிரித்தார். அப்போது மட்டும் அவர் மேலே பார்க்கவில்லை.

மனைவியைச் செட்டிகுளத்தில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். பெண் பிறந்தது. டவர்தான் காரணமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மிட்டாயோடு போனபோது, தனக்கும் பேரன் பிறந்திருப்பதாகச் சொன்னார். இங்கே தூக்கி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

நீங்களும் போய்விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே போவார்? மிட்டாயைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.