லிவாவுக்குப் புறப்பட்டு ஷார்ஜாவில் நின்ற டிரெய்லர்

டிசம்பர் குளிரில் அபுதாபியின் லிவா மணல்மேடுகளுக்கு, படுக்கையும் அடுப்பும் உள்ள என் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவதென்று ஜூனிலேயே முடிவு செய்திருந்தேன். நான் இருக்கும் அஜ்மானிலிருந்து சுமார் 390 கிலோமீட்டர். வாகனம் ஓட்டுவது நான், வயது எழுபத்தொன்று. கூட வரவிருந்தவர் செல்வி. இலங்கையில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து ஷார்ஜாவில் ஒரு வீட்டில் வேலை செய்பவர், தேவாலயத்தில் பழக்கம். பதினொரு மாதத்தில் அவருக்கு முதன்முறையாகச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைத்திருந்தது, வெள்ளியும் சனியும். அந்த இரண்டு நாளும் எப்படி வீணாயின என்று எழுதுகிறேன். ஃபிப்த் வீல் டிரெய்லர் வாங்கும் எண்ணமுள்ளவர்கள் பொறுமையாக வாசிக்கவும்.

இந்த வகை டிரெய்லரின் தலை, பிக்கப்பின் பின்பெட்டிக்குள் பொருத்திய ஹிட்ச் என்ற இணைப்பின் மேல் வந்து உட்காரும். என் டிரெய்லர் முழுச் சாமானுடன் 3,100 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 620 கிலோ, நேராக பிக்கப்பின் முதுகில் இறங்கும். அதைத் தாங்குமா என்பதை ஓட்டுநர் கதவின் உட்புறத்திலுள்ள ஒட்டுத்தாளில் பார்த்துக்கொண்டேன். என் பின்பெட்டியின் நீளம் 168 சென்டிமீட்டர். இவ்வளவு குட்டையான பெட்டியில் அசையாத ஹிட்ச் போட்டால், வளைக்கும்போது டிரெய்லரின் மூலை பிக்கப்பின் பின்கண்ணாடியில் வந்து இடிக்கும். பின்னுக்கு நகர்கிற ஸ்லைடர் ஹிட்ச்தான் வேண்டும். நான் படித்த கொன்வென்டில் கண்ணளவில் விடை எழுதினால் சிஸ்டர் கொப்பியையே திருப்பித் தந்துவிடுவார். ஆகவே எல்லாவற்றையும் நாடாவால் அளந்து, ஒரு தாளில் எழுதி, 'ஸ்லைடர்' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடும் போட்டேன்.

செவ்வாய் காலை 9.40க்குப் புறப்பட்டேன். ஷார்ஜா தொழிற்பேட்டைக்கு 17 கிலோமீட்டர்தான். நெரிசலில் 55 நிமிடம் பிடித்தது. கராஜை நடத்துபவர் காதர், காயல்பட்டினத்துக்காரர், மரியாதையான மனிதர். தாளை வாங்கி வைத்துக்கொண்டு படிவத்தை நீட்டினார். நிரப்பிக் கொடுத்துவிட்டு டாக்சியில் திரும்பினேன், 52 திர்ஹாம்.

வியாழன் மாலை மூன்று மணிக்கு வண்டியை எடுக்கப் போனேன். நியாயமாகச் சொல்லவேண்டும்: ஹிட்சைத் தாங்கும் தண்டவாளங்களைப் பெட்டியின் தகரத்தில் மட்டும் முறுக்காமல், அடிச்சட்டத்தோடு சேர்த்தே முறுக்கியிருந்தார்கள். ஆனால் ஹிட்ச் அசையவில்லை. ஸ்லைடரின் கைப்பிடியே இல்லை.

"ஸ்லைடர் எங்கே?"

"ஸ்டாக் மாஃபி, இல்லம்மா. இதுவும் நல்ல பீஸ்தான். கொஞ்சம் பெருசா வளைச்சுத் திரும்புனா ஒண்ணும் ஆகாது."

வேறொரு வண்டியில் முன்னதாகவே கொண்டுவந்து கராஜ் முற்றத்தில் விட்டிருந்த என் டிரெய்லரைப் பூட்டி, நானே மெதுவாக வளைத்தேன். முழு வளைவுக்கு இன்னும் பாதி இருக்கும்போதே காதர் பிக்கப்பின் பக்கத்தைத் தட்டினார். இறங்கிப் பார்த்தேன். கண்ணாடிக்கும் டிரெய்லர் மூலைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி.

"பெற்றோல் ஷெட்டுக்குள்ள எப்பிடிப் பெரிசா வளைக்கிறது? மதிலை இடிச்சுப்போட்டோ?" என்றேன். "மாத்திறதுக்கு ஆரைக் கேட்டனீங்கள்?"

"ஸாரைக் கேட்டேம்மா. ஓகே சொல்லிட்டாரே."

எனக்கு ஸார் கிடையாது. என் கணவர் இறந்து ஒன்பது வருடம். காதர் காட்டியது என் மகனுக்கு அனுப்பிய செய்தியை. 'ஸ்லைடர் இல்லை, ஃபிக்ஸ்டு போடலாமா?' அதன் கீழே மகன் போட்ட கட்டைவிரல் குறி.

மகனை அங்கிருந்தே அழைத்தேன்.

"மீட்டிங்கில இருந்தனான் அம்மா. பாக்காமல் போட்டுட்டன்."

"பாக்காட்டி ஏன் போட்டனீ?"

"உங்கட வேலை வழமையா சரியாத்தானே இருக்கும்?"

புகழ்ச்சியென்று நினைத்துச் சொன்னான் போலும். என் கோபம் அவனோடும் காதரோடும் நிற்கவில்லை. படிவத்தில் மகனுடைய எண்ணை எழுதியது என் கைதான். இந்நாட்டில் என் விசா அவனுடைய பெயரில். வங்கி, ஆஸ்பத்திரி, பல் வைத்தியர், எங்கே படிவம் தந்தாலும் என் கை தானாக அவன் எண்ணை எழுதும். காதர் கேட்டது வண்டிக்காரரின் எண். வண்டியை வாங்கியதும் ஓட்டுவதும் நான்.

ஸ்லைடர் துபாயிலிருந்து வரச் சனிக்கிழமை ஆகுமென்றார் காதர். இரண்டு நாள்தானே, இப்படியே போய் வரலாமென்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. செல்வி உட்காருவது அந்தக் கண்ணாடிக்கு முன்னால். போகவில்லை.

செல்வியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"சரிங்கம்மா. மேடம்கிட்ட லீவ மாத்திக் கேக்க முடியாதுங்க. தூங்கி எந்திரிக்கிறேன், வேறென்ன."

சனிக்கிழமை மதியம் 12.30க்கு ஸ்லைடர் பொருத்தி முடிந்தது. ஹிட்ச் 7,400 திர்ஹாம், பொருத்துகூலி 850. முழுதாக வளைத்தும் ஒரு சாண் இடைவெளி மிஞ்சியது. செல்வி மாலை ஆறு மணிக்கு வேலைக்குத் திரும்பவேண்டிய நாள் அது.

போக நினைப்பவர்களுக்கு: பின்பெட்டியை நீங்களே அளந்துகொள்ளுங்கள். பணம் கட்டுமுன் கராஜ் முற்றத்திலேயே டிரெய்லரைப் பூட்டி இரண்டு பக்கமும் முழுதாக வளைத்துப் பாருங்கள். பூட்டியதும் டிரெய்லர் பிரேக்கைப் போட்டு, மெதுவாக இழுத்து, பிடி நிற்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் விளிம்புக்கும் டிரெய்லரின் அடிக்கும் இடையே 15 சென்டிமீட்டராவது வேண்டும். உங்கள் உரிமம் எவ்வளவு எடைக்கு, ஹிட்சுக்குத் தனி அனுமதி வேண்டுமா என்பதை வாகனப் பரிசோதனை நிலையத்தில் முன்னதாகவே கேளுங்கள். பெண்களே, படிவத்தில் உங்கள் எண்ணை எழுதுங்கள்.

வருகிற வெள்ளி தன் குடும்பத்தோடு லிவாவுக்கு வரச்சொல்லி மகன் கூப்பிடுகிறான், தானே ஓட்டுவானாம். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். செல்விக்கு லீவு கிடைக்கும்வரை டிரெய்லர் காதரின் முற்றத்திலேயே நிற்கும்.