புலெங் கேட்ட சத்தம்

எங்கள் ஊரான மெடோலாண்ட்ஸில் புலெங்கின் வீட்டு முற்றம்தான் மெக்கானிக் கடை. அவளுக்கு நாற்பத்தொரு வயது, பருத்த கைகள், யாருக்கும் பணியாத வாய். வண்டிக்காரன் சொல்லும் கதையை அவள் நம்ப மாட்டாள். எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பாள்.

அவள் தம்பி மோகெதே ஸ்பின் ஆடுகிறவன். டயர் புகைய ஒரே இடத்தில் வண்டியைச் சுற்றவிட்டு, சுற்றும்போதே கதவைத் திறந்து இறங்கி, பக்கத்தில் நடந்து காட்டுவான். எனக்கு அந்த ஆட்டமே பிடிக்காது. ஆனால் எங்கள் ஊரில் ஸ்பின்காரன் செத்தால், குழி மூடியதும் கல்லறை வாசலில் நண்பர்கள் வண்டி சுற்றித்தான் அனுப்பிவைப்பார்கள். சுற்றாமல் விட்டால் செத்தவனை நாயாக மதித்ததாகப் பேச்சு வரும்.

மோகெதேயின் உயிர்த்தோழன் லெரூமோ டாக்ஸி மோதிச் செத்துப் போனான். சனிக்கிழமை அடக்கம். வெள்ளி மத்தியானம் மோகெதே தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அக்காவிடம் கொண்டுவந்தான். நானும் அங்கே இருந்தேன்.

"ஆக்சிலரேட்டர்லேருந்து கால எடுத்தா கீச்சுனு ஒரு சத்தம் வருதுக்கா. வேகமும் உடனே கொறையல."

புலெங் பானெட்டைத் திறந்தாள். புகைக்குழாயின் சூட்டில் ஆக்சிலரேட்டர் கேபிளின் உறை உருகி, உள்ளே ஓடும் கம்பியோடு ஒட்டியிருந்தது.

"இது அழுத்தின எடத்துலயே சிக்கிக்கும்டா, கால எடுத்தாலும் வேகம் கொறையாது. வேற கேபிள் திங்கக்கிழமதான் கெடைக்கும். நாளைக்கு இந்த வண்டி வேணாம்."

"செத்தவன் திங்கக்கிழம வரைக்கும் காத்திருப்பானாக்கா? அவங்கம்மா என் மூஞ்சியில துப்புவா."

"துப்பினா தொடச்சிக்க."

ஒரு மணி நேரம் கெஞ்சினான், திட்டினான், கடைசியில் அழுதான். அவள் மனம் அங்கேதான் இளகியது. ஒட்டிய இடத்தைச் சுரண்டி எண்ணெய் விட்டு, தகரத்தை மடித்துக் குழாய்க்கும் கேபிளுக்கும் நடுவே மறைப்பு வைத்துக் கட்டினாள்.

"உள்ளயே உக்காந்து சுத்து, சிக்கினா ஒடனே சாவியத் திருப்பி அணைச்சிடலாம். எறங்கினே, நானே உன்னக் கொன்னுடுவேன்."

"எறங்க மாட்டேன்கா. அம்மா மேல சத்தியம்."

சனிக்கிழமை காலை குழி மூடியதும் கூட்டம் வாசலுக்கு வந்தது. மோகெதே சுற்றினான். முதல் சுற்றிலேயே புலெங் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "மறுபடி அதே சத்தம். ஒனக்குக் கேக்கல?" எனக்குக் கூட்டத்தின் விசில்தான் கேட்டது. கூச்சலும் புகையுமாக இருந்த அந்த நேரத்தில், லெரூமோவின் அம்மா தோளில் கிடந்த கறுப்புச் சால்வையைத் தலைக்கு மேல் சுழற்றினாள்.

"எறங்குடா மோகெதே! என் புள்ள பாக்கட்டும்!"

புலெங் ஓடினாள். அவள் போவதற்குள் அவன் இறங்கிவிட்டான்.

எஞ்சின் அடங்கவில்லை. உறுமல் ஏறிக்கொண்டே போனது, வட்டம் அகன்றது, பின்பக்கம் கூட்டத்தை நோக்கி வீசியது. எல்லோரும் சிதறி ஓடினோம். மோகெதே மட்டும் சாவியைத் திருப்ப வண்டியை நோக்கிப் பாய்ந்தான். திறந்திருந்த கதவு அவனை வாசல் தூணோடு சேர்த்து அடித்தது.

அடுத்த சனிக்கிழமை அவனுக்கு அடக்கம். அவன் கூட்டாளிகள் நான்கு வண்டிகளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். அவனுக்குச் செய்யாமல் விடுவார்களா? புலெங் ஒவ்வொரு கண்ணாடியிலும் தட்டிக் கை நீட்டினாள். "சாவியக் குடு." கடைசி வண்டிக்காரன் தயங்கினான். "மோகெதேக்கு மரியாதை செய்ய வேணாமாக்கா?"

"எனக்குத் தெரியும்டா, அந்தக் கேபிள் மறுபடி சிக்கிக்கும்னு. தெரிஞ்சேதான் கட்டிக் குடுத்தேன். இன்னொருத்தன அனுப்ப எனக்குத் தெம்பு இல்ல."

அவனும் சாவியைக் கொடுத்தான்.