தண்ணீர் தெரியாத மூடி

புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், ஹொல்ம்லியா என்ற இடத்தில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் ஒரு நீச்சல்குளம் இருந்தது. வீடு வாங்கிய வருட மார்கழியில் முல்லைத்தீவில் என் மனைவி வதனியின் தங்கையையும் தங்கையின் பிள்ளைகளையும் சுனாமி கொண்டுபோனது. அதன்பின் குளத்துப் பக்கம் பார்க்கவே வதனியால் முடியவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் பழைய மூடி கிழிந்துவிட்டதால், குளிர்கால மூடி வாங்கக் கடைக்குப் போனோம்.

"தண்ணியை முழுக்க இறைச்சுவிடலாமோ எண்டு கேளுங்கோ" என்றாள் வதனி.

குளத்தை வெறுமையாக விட்டால் உறைபனி சுவரைப் பிளந்துவிடும் என்றார் கடைக்காரர். வலை மூடி ஒன்றைக் காட்டி, மழை இதனூடாக வடிந்துவிடும், இதுதான் நல்லது என்றார்.

வதனி வலைக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தாள்.

"விரல் தெரியுதப்பா. எனக்குத் தண்ணி தெரியக்கூடாது."

கறுத்த, தடித்த மூடியை வாங்கினேன். அதை இழுத்துக் கட்டிய அன்று அவள் குளத்துப் பக்கம் பார்த்தபடி குசினி யன்னலடியில் நின்று தேத்தண்ணி குடித்தாள். எனக்கு மனம் நிறைந்தது.

பிறகு நாள்கணக்கில் மழை பெய்தது. ஒரு காலை யன்னலடியில் அவள் அசையாமல் நின்றாள். மூடியின் மேல் மழைநீர் தேங்கி, காற்றில் கறுப்பாக அலையடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் வாளியால் அள்ளி ஊற்றினேன். அள்ள அள்ள மழை நிரப்பியது.

வதனி வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோப்பா. இதுக்கு நீங்கள் என்ன செய்யிறது?"

அவளுடைய துயரத்துக்கு ஏற்ற ஒன்றைக் கடையில் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். அன்று நனைந்தபடி அவளருகில் நிற்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. இன்றும் தெரியாது.