கதாநாயகனை நம்பிப் பொன்முடிக்குப் போனோம்

பொன்முடிக்குப் போகவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. எல்லாம் ஒரு நாவல் செய்த வேலை. போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் நானும் என் ஆத்துக்காரரும் திருவனந்தபுரம் கரமனையிலிருந்து கிளம்பிப் போய்விட்டு வந்தோம். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன். நாவலைப் பற்றியும் நாலு வார்த்தை திட்டாமல் விடமாட்டேன்.

அது ஐரோப்பாவில் எழுதப்பட்டு இங்கிலீஷில் வந்த புத்தகம். பெயரைச் சொன்னால் அதன் பக்தர்கள் என் மேல் சண்டைக்கு வருவார்கள். இருபது வயசுப் பையன் ஒருவன் ஒரு கோட்டோடும் கைத்தடியோடும் வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் ஊராகத் திரிகிறான். அவ்வளவுதான் கதை. எங்கள் தெருவில் இங்கிலீஷ் தெரிந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். செக்ரடேரியட் குமாஸ்தாவான என் ஆத்துக்காரரோ மூன்று தடவை படித்துவிட்டு, ரசம் சாதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்தார்.

ஒரு நாள் சாப்பிட்டு எழுந்ததும் சொன்னார். "ஆறு மாசம் லீவு கேக்கப்போறேன். கால்நடையா வடக்கே போய்ட்டு வரணும். நீ அதுவரைக்கும் அம்பாசமுத்திரத்துல உங்காத்துல இரு."

கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. வாழாவெட்டி என்று ஊர் சொல்லும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மனுஷர் இல்லாமல் ஆறு மாசம் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை, அதுதான் நிஜம். அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் புத்தகத்தில் என்று அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்து படித்தேன்.

ஐயோ, என்ன ஏமாற்றம்! முந்நூறு பக்கத்தில் அந்தப் பையன் ஒரு தடவைகூடக் குளிக்கவில்லை. ஒரு சட்டை துவைக்கவில்லை. சாயங்காலம் ஆனால் போதும், எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு குண்டு அம்மாள் சூப்போடு வந்து நிற்கிறாள். அவன் காதலி என்ன செய்கிறாள் தெரியுமா? முதல் அத்தியாயத்தில் ஜன்னலில் நின்று கைக்குட்டையை ஆட்டுகிறாள். கடைசி அத்தியாயத்திலும் அதே ஜன்னலில் நிற்கிறாள். நடுவில் அவளுக்குக் கால் வலித்ததா, கொட்டாவி வந்ததா என்று எழுதியவருக்கு அக்கறையே இல்லை.

"ஏன்னா, வடக்கே அப்பறம் போகலாம். முதல்ல பொன்முடிக்கு இதே மாதிரி போய்ப் பார்ப்போம். நானும் வரேன்" என்றேன்.

"கதையில அவ கூடப் போகலையே."

"அதாக்கும் கதையில கோளாறு."

திரும்பி வந்த பிறகு லீவைப் பற்றி முடிவு செய்வது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கதாநாயகன் கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை, அதனால் நாமும் கட்டுச்சாதம் கொண்டுபோகக்கூடாதாம். சரி, பட்டால்தான் தெரியும் என்று நானும் வெறுங்கையோடு கிளம்பினேன். இரண்டு சால்வையும் அந்தப் புத்தகமும்தான் சாமான்.

பொன்முடி திருவனந்தபுரத்திலிருந்து முப்பத்தெட்டு மைல் இருக்கும். நெடுமங்காடு வழியாக விதுரை வரைக்கும் பஸ் உண்டு. யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடுவதால், ஏற்றம் வந்தால் இறங்கி நடக்கச் சொல்கிறார்கள். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு நடக்கவும் விடுகிறார்களே என்று நான் முணுமுணுத்தேன். ஆத்துக்காரருக்கு ஏக சந்தோஷம். கதாநாயகன் மாதிரி எல்லாருக்கும் முன்னால் கைவீசி நடந்தார்.

விதுரையில் எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நின்றது. டிரைவர் மார்த்தாண்டத்துக்காரர். "கேறுங்க சாரே, மூட்டைமேல இருந்துக்கிடலாம்" என்றார். கல்லாறு வரைக்கும் போனோம். அங்கே ஆற்றில் தண்ணீர் பிடித்து இன்ஜினுக்கு ஊற்றினார்கள். ஆத்துக்காரர் கீழே குதித்து, இனி நடைதான் என்றுவிட்டார்.

"சாரே, மேல பத்து மைலு கேற்றமாக்கும். அம்மாவ நடத்தியா கூட்டிட்டுப் போறிய?"

"அவதான் என்னை நடத்திண்டு வரா" என்றார் இவர். டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

கொண்டை ஊசி வளைவுகள் ஒன்று முடிந்தால் இன்னொன்று. நாலாவது வளைவில் அவர் பேச்சு நின்றது. ஏழாவதில் ஒரு அட்டை அவர் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. அவர் போட்ட கூச்சலில் மரத்துக் குரங்குகள் ஓடிப்போயின. அதற்குமேல் பசி. இதில்தான் கதாநாயகன் எங்களைக் கைவிட்டான். அவன் கண்ட வீட்டிலும் சாப்பிடுவான். எங்கள் அக்ரஹாரத் தெருக்காரர்களோ பிராமணச் சமையல் போத்தி ஹோட்டலைத் தாண்டினால் பட்டினி! வேறு ஜாதிக் கை பட்ட தண்ணீர்கூட இவருக்கு இறங்காது. மூன்று தடவை படித்தவருக்கு இந்த யோசனை வரவில்லை பாருங்கள்.

பாதி மலையில் எஸ்டேட் லயம் தெரிந்தது. கூலிக்காரர்கள் குடியிருக்கும் நீளமான வீட்டு வரிசை. வாசலில் அடுப்பு வைத்து ஒரு அம்மாள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். பெயர் மாடத்தி, சங்கரன்கோயில் பக்கமாம். எங்களைப் பார்த்ததும் பலகையை எடுத்துப் போட்டாள். அப்புறம் தயங்கினாள்.

"கெழங்கு இருக்கு, தேயிலத்தண்ணி இருக்கு. நீங்கள்லாம் திங்க மாட்டியளே, தாயி."

"குடும்மா. திங்கறேனா இல்லையான்னு பாரு" என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆவி பறக்கும் கிழங்கு. காந்தாரி மிளகாயும் உப்பும் இடித்த துவையல். நாக்கு எரிந்தது, கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் கையை எடுக்க மனசு வரவில்லை. இவர் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். கிழங்கைப் பார்த்தார். பிறகு அந்த மலைக்காட்டில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"கரமனையிலேர்ந்து யாராவது வருவாளோ?"

"வந்தா அவாளுக்கும் கிழங்கு உண்டு. உக்காருங்கோ."

மாடத்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இவர் உட்கார்ந்தார். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

உச்சிக்குப் போகும்போது வெயில் சாய்ந்திருந்தது. சுற்றிலும் மூடுபனி, நடுநடுவே பச்சைத் தேயிலைச் சரிவு. கதாநாயகன் மலையுச்சியில் நின்று இரண்டு பக்கத்துக்கு அழுகிற இடத்தை எடுத்து இவர் வாசித்தார். அரைப் பக்கம் போவதற்குள் நிறுத்தினார்.

"இவன் மலை ஏறினானே, வழியில என்ன சாப்பிட்டான்னு எழுதவே இல்லையே! யார் குடுத்தா, பேர் என்ன, ஒண்ணும் இல்லை. மூணு தரம் படிச்சும் எனக்குத் தோணலை பாரு." புத்தகத்தை மூடிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ஆறு மாசமெல்லாம் வேண்டாம். லீவு நாள்ல போவோம். தனியா போனா நான் போத்தி ஹோட்டலைத் தாண்டமாட்டேனாக்கும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாய்க் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ராத்திரி, முன்பே சொல்லி வைத்திருந்த எஸ்டேட் குமாஸ்தா வீட்டில் தங்கினோம். காலையில் அவர் கொடுத்த கஞ்சியை இவர் யோசிக்காமல் குடித்தார். இறங்கும்போது அதே லாரி, அதே டிரைவர்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மார்கழி, தை நல்ல மாசம். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாற்றில் லாரியை விட்டு இறங்காதீர்கள். விதுரைக்கு மேல் ஹோட்டல் கிடையாது. கட்டுச்சாதம் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் எந்த வீட்டிலும் சாப்பிட மனசைக் கொண்டுபோங்கள். நாவலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கதையின் கடைசியில் அவன் திரும்பி வரும்போது அவள் ஜன்னலில் விளக்கோடு நிற்கிறாள். நாங்கள் கரமனைக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் ஜன்னல் இருட்டாகக் கிடந்தது. வீட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது.