பத்து மணி வகுப்புக்கு எட்டேகாலுக்குக் கிளம்பிய சம்பந்தி

வியாழக்கிழமை மத்தியானம், மாங்காட்டில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆவடியிலிருந்து என் மகள் செல்வி போன் செய்தாள். "அம்மா, மாமா சாப்ட்டு நாற்காலில சாஞ்சாரும்மா. எழுப்புனா எழுந்துக்கல" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். சனிக்கிழமை பேத்தியை டான்ஸ் கிளாசுக்கு இனி யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதுதான் முதலில் வந்தது. என் சம்பந்தியைத் தெரிந்தவர்களுக்கு இது தப்பாகப் படாது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

தணிகாசலம் அவர்கள் என் மருமகனைப் பெற்றவர். ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். கூரையை ஒட்டித் தொங்கும் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே கிடக்கும் இரும்பைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைப்பது அவர் வேலை. வாழ்நாளில் பாதியை உயரத்தில் தனியாகக் கழித்ததாலோ என்னவோ, தரைக்கு வந்த பிறகும் அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது.

நானோ அதற்கு நேர் எதிர். மாங்காட்டு மல்லித் தோட்டங்களில் பூப் பறித்து வளர்ந்தவள். மொட்டு வாய் திறப்பதற்குள் பறித்து, வண்டி கிளம்புவதற்குள் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதும் பிடித்த ஓட்டம், இன்றைக்கும் என் காலில் இருக்கிறது. செல்வியின் கல்யாணத்தில் முகூர்த்தம் நெருங்க நெருங்க மண்டபத்தையே சுற்றிக் கத்திக்கொண்டிருந்தேன். இவர் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, "குந்துங்க சம்மந்திமா. தாலி எங்கயும் ஓடிடாது" என்றார். சரியான மந்தமான மனுஷர் என்று அன்றைக்கு என் அக்காவிடம் சொன்னேன்.

பேத்தி ஹரிணிக்கு ஏழு வயதானபோது பரதநாட்டியத்தில் சேர்த்தோம். எங்கள் வம்சத்தில் களை பறிக்கக் குனிந்திருக்கிறோம், நாற்று நடக் குனிந்திருக்கிறோம். அரைமண்டியில் உட்கார்ந்து கைவிரலில் தாமரை காட்டியவள் இவள்தான் முதல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம் சொன்னேன். வகுப்பு அம்பத்தூரில், ஒரு வீட்டு மாடியில். சனிக்கிழமை காலை பத்து மணி. செல்விக்கும் மருமகனுக்கும் அன்றைக்கும் வேலை. சம்பந்தி ஓய்வு பெற்ற பிறகும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு கிரேன் ஓட்டப் போய்க்கொண்டிருந்தார். ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலமே நான் மாங்காட்டிலிருந்து வந்து தங்கி, காலையில் பிள்ளையை அழைத்துப் போவேன்.

அழைத்துப் போனேன் என்று சொல்லக் கூடாது, இழுத்துப் போனேன். வீட்டிலேயே பயிற்சிப் புடவையை இறுக்கிக் கட்டி, இட்லியை வாயில் திணித்து, ரயில் படியில் தூக்கிப் போட்டு, வழியெல்லாம் கேள்வி கேட்பேன். "போன வாரம் இன்னா சொல்லிக் குடுத்தாங்க? தையா தை சொல்லு. மறந்துட்டியா? டீச்சர் கேட்டா இன்னா சொல்லுவ?" வகுப்பு வாசலில் போய் நின்றதும் பிள்ளை வாந்தி எடுப்பாள். ஒரு தடவை இல்லை, வாராவாரம். உள்ளே போனாலும் கால் எழாது.

கடைசியில் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நல்ல பெண்மணி. "ஆயா, இந்த ஒரு மாசம் பாக்கலாம். பயம் போகலைன்னா நிறுத்திக்குவோம். அழுதுக்கிட்டு வர்ற குழந்தைய ஆட வைக்க எனக்கு மனசு வரல" என்றார். திரும்பி வரும்போது ரயிலில் நான் அழுதேன். பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

அந்த வாரம்தான் சம்பந்தி எஸ்டேட் வேலையை விட்டிருந்தார். "வர்ற சனிக்கெழம நான் இட்டுகினு போறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், நான் இட்டுகினு போனது நல்லா இல்லியா?"

"நல்லாதான் கீது. ஒரு மாசம் எனக்குக் குடுங்களேன்."

முதல் சனிக்கிழமை எட்டேகாலுக்கே கிளம்பினார்கள். அம்பத்தூருக்கு ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. பிள்ளைக்குச் சாதாரணச் சுடிதார். பயிற்சிப் புடவையை மடித்துத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டார். போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பையை ரயிலிலேயே மறந்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

கேட்டதும் நான் விடுவேனா? "நிதானமா போயி, நிதானமா தொலைச்சுட்டு வந்தீங்களா?" என்று வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டேன்.

"ஆமா சம்மந்திமா. நல்ல புடவ" என்றார்.

ஹரிணிதான் குதித்துக்கொண்டு சொன்னாள். தாத்தா தன் தோள் துண்டை உதறி அவள் இடுப்பில் கட்டிவிட்டாராம். "இப்ப ஆடலாம் போ" என்றாராம். கட்டம் போட்ட துண்டோடு போய் நின்றதைப் பார்த்து டீச்சரே சிரித்துவிட்டாராம். "வாந்தி?" என்றேன். பிள்ளை யோசித்துப் பார்த்து, "வரல ஆயா, மறந்துட்டேன்" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சந்தோஷம் வந்ததா என்றால், உண்மையைச் சொல்கிறேன், முழுசாக வரவில்லை. நான் வளர்த்த பிள்ளை, எனக்கு வாந்தி எடுப்பாள், அவருக்கு ஆடுவாளா? வழியில் ஏதோ வாங்கிக் கொடுத்து மயக்குகிறார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவர்கள் போன பிறகு அடுத்த ரயிலைப் பிடித்து நானும் அம்பத்தூரில் இறங்கினேன்.

அந்தக் காலையை நினைத்தால் நான் கண்டது நிஜமா என்று இப்போதும் தோன்றுகிறது. வெயில் இன்னும் ஏறாத நேரம். பிளாட்பாரத்துக் கடைசியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பையின் காதை அவர் மணிக்கட்டில் சுற்றிக் கட்டியிருந்தார். பேச்சில்லை. தின்பண்டமில்லை. ஒரு கூட்ஸ் வண்டி முடிவே இல்லாதது போல மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் நிழல் இருவர் முகத்திலும் விழுந்து விழுந்து விலகியது. பிள்ளையின் கால் பெஞ்சுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. வண்டி போய் முடிந்து, பின்னாலேயே வந்த காற்றும் அடங்கியது. எங்கேயோ ஒரு புறா முனகியது. மணி என்ன, நான் எதற்கு வந்தேன் என்பதெல்லாம் எனக்கே மறந்துபோனது. பார்த்தால், பிள்ளையின் கால் ஆடாமல் இருந்தது. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆயா!" என்று ஹரிணி கத்தினாள். தூணுக்குப் பின்னால் என் புடவை தெரிந்திருக்கிறது.

"இன்னா சம்மந்திமா, சிஐடி வேலையா?" என்றார் அவர். "வாங்க, எடம் கீது."

மானம் போனாலும் போய் உட்கார்ந்தேன். "ரெண்டு பேரும் இங்க இன்னாதான் பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. அதான் வேல." தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார். "கொக்கியில இரும்ப மாட்டிக்கினு போவோம் பாருங்க, கிரேனு நின்ன பின்னாலயும் அது ஊசலாடிக்கினே இருக்கும். கையால புடிச்சு நிறுத்தலாம்னு போனா ஆளு காலி. கத்துனாலும் நிக்காது. சும்மா பாத்துகினு இருந்தா தானா நிக்கும். அப்பால எறக்குனா பூ மாரி குந்தும். புள்ளயும் ஊட்ட உட்டுக் கெளம்புனா ஊசலாடிக்கினுதான் வருது. அடங்கட்டும்னு குந்திக்கினு கீறேன்."

"அப்ப நான் கையால புடிச்சவளா?"

"நீங்க அது மேல ஏறிக் குதிச்சவங்க" என்றார். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். எனக்குக் கோபம் வர நேரமில்லை, அடுத்த ரயில் வந்துவிட்டது. அது போன பிறகு மூன்று பேரும் எழுந்து நடந்தோம்.

மாதக் கடைசியில் டீச்சர் நிறுத்துகிற பேச்சையே எடுக்கவில்லை. அதன் பிறகு நான்கு வருஷம், மழையானாலும் காய்ச்சலானாலும், எட்டேகாலுக்குக் கிளம்பினார். கிளம்புவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஏழு மணிக்கு இரண்டு இட்லி, அதற்கு மேல் கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும். தலையை அவரே வாருவார், இழுக்காமல். வகுப்பு வாசலில் இருக்கும் குழாயில் பிள்ளை கால் கழுவி, கால் காய்ந்த பிறகுதான் படியேற வேண்டும். மாடிக்கு அவர் போனதே இல்லை. "மேல டீச்சரு வேல. நம்ம வேல வாசலோட சரி" என்பார். நவராத்திரியில் கோயில் மேடையில் அவள் ஆடியபோது நான் முதல் வரிசையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் "என் பேத்தி, என் பேத்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மேடைக்குப் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். ஆடி முடித்து இறங்கியவள் முதலில் போனது அங்கேதான். அன்றைக்கு எனக்குப் பொறாமை வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு வந்த சனிக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன்.

வெள்ளிக்கிழமையே ஹரிணி சொல்லிவிட்டாள். "நான் இனிமே போகல ஆயா." பதினோரு வயதுப் பிள்ளை. தாத்தா போனதிலிருந்து அவள் அழவே இல்லை. சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். என் வாயில் நூறு பேச்சு வந்தது. இத்தனை வருஷப் படிப்பு என்னாவது, தாத்தா பார்த்தால் என்ன நினைப்பார் என்றெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கினேன். காலையில் பயிற்சிப் புடவையை மடித்துப் பையில் வைத்தேன். எட்டேகாலுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே தலை வாரிக்கொண்டு வந்தாள். வகிடு கோணலாக இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

அம்பத்தூரில் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டாவது ரயில் போனபோது பிள்ளை உடைந்தாள். என் தோளில் முகத்தை வைத்து, ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். 'அழாதே' என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. வகுப்பு நேரம் தாண்டினால் தாண்டட்டும், இன்றைக்கு ஆடாவிட்டால் போகட்டும் என்று அவள் முதுகில் கையை மட்டும் வைத்திருந்தேன். என் ஆயுசில் ஒரு வண்டியைத் தவறவிடத் துணிந்தது அன்றைக்குத்தான். எத்தனை ரயில் வந்தன, போயின, எனக்குத் தெரியாது. வெயில் எங்கள் காலடிக்கு வந்துவிட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாம் ஆயா" என்றாள்.

குழாயில் கால் கழுவினாள். காயும் வரை நின்றாள். பையை வாங்கிக்கொண்டு படியேறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கீழேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து தாளம் போடும் தட்டுக்கழிச் சத்தம் வந்தது. டீச்சர் சொல்லச் சொல்ல, பிள்ளைகளின் கால்கள் எல்லாம் ஒன்றாகத் தரையில் விழுந்தன. அதில் ஹரிணியின் கால் எது என்று பிரித்துக் கேட்கப் பார்த்தேன், முடியவில்லை. எல்லாக் காலும் ஒரே காலாகத்தான் கேட்டது. தயங்கின கால் ஒன்றுகூட அதில் இல்லை.

சம்பந்தி, பிள்ளை உள்ளே போய்விட்டாள். நீங்கள் மெதுவாகப் போய் வாருங்கள்.