மூளை உருகும் கடை

வீடியோ கேம் கடை என்பது சாமான் எதையும் விற்காமல் வசவு மட்டும் வாங்குகிற வியாபாரம். தொண்ணூறுகளில் மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, நாலு டி.வி. பெட்டிகளோடு அதை நடத்தினேன். பிள்ளைகள் கூடுகிற இடத்தில் கடை போட்டு அம்மாக்களிடம் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

எண்ணெய்க் காப்பு

ஒரு கோடையில் யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டான்: வீடியோ கேம் ஆடினால் கண் வழியாகச் சூடு ஏறி மூளை உருகிவிடுமாம். மறுநாளிலிருந்து என் கடைக்கு வருகிற அத்தனை பையன் தலையிலும் விளக்கெண்ணெய். அது நெற்றியில் வழிந்து, கையில் இறங்கி, ஜாய்ஸ்டிக்கில் வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் சுவரிலிருந்து அதன்மேல் விழுந்த பல்லி, பிடிமானம் கிடைக்காமல் வழுக்கிக்கொண்டே வாசல்வரை போயிற்று. சத்தியம். ரிப்பேர் பார்க்க சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக், ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா நைனா, இதுல வடை சுட்டுக்கினு இருந்தியா?"

மூணு உயிர்

ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று 'லைஃப்'. நம் பையன்கள் அதை உயிர் என்பார்கள். எதிர்வீட்டு ஆறாம் வகுப்பு சீனு, சாப்பிடும்போது வீட்டில் சொல்லியிருக்கிறான்: "இன்னிக்கு என் மூணு உயிரும் போயிடுத்து. கடை மாமாதான் ஒரு உயிர் இனாமாக் குடுத்தார்." அவன் அம்மா சாதம் பிசைந்த கையைக்கூட அலம்பாமல் ஓடிவந்தாள். பின்னாலேயே பாதித் தெரு. நானும் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"அதெல்லாம் இருக்கட்டும், இவனுக்கு மிச்சம் எத்தனைன்னு பார்த்துச் சொல்லுங்கோ!"

வெள்ளிக்கிழமைக் கெடு

இந்த ஊர்வலத்தை மாடியிலிருந்து பார்த்தவர் கட்டடத்துச் சொந்தக்காரர், ரிட்டயரான சயன்ஸ் வாத்தியார். "வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணும்" என்றுவிட்டார். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு எனக்கு இந்தக் கடை ஒன்றுதான் பிழைப்பு. ஐம்பது வயசில் வேறு எங்கே போவது? "சூடு ஏறுதுன்னு நிரூபியுங்கோ, சாவியை நானே தரேன்" என்று சொல்லிப் பார்த்தேன். வாத்தியாரைச் சீண்ட அது போதாதா?

"ஓய், எங்கிட்டயே நிரூபணம் கேக்கறீரா? நாளைக்கே தர்மாமீட்டரோட வரேன்!"

வாயில் வைத்த பரீட்சை

வியாழன் சாயங்காலம், வாசலில் அம்மாக்கள் சாட்சி. வாத்தியார் தர்மாமீட்டரைச் சீனுவின் வாயில் ஆடுவதற்கு முன்னால் ஒரு தரம் வைத்தார், ஒரு மணி நேரம் ஆடிய பிறகு ஒரு தரம் வைத்தார். இரண்டு தரமும் தொண்ணூற்றெட்டரையைத் தாண்டவில்லை. "தர்மாமீட்டர் கெட்டுப்போச்சு!" என்று வாசலில் கூச்சல். "என் தர்மாமீட்டரையா சொல்றேள்?" என்று வாத்தியார் அவர்களோடு மல்லுக்கு நின்றார். கடைசியில், அது சரியாகத்தான் இருக்கிறது என்று காட்ட, கழுவித் துடைத்துத் தன் வாயிலேயே வைத்துக்கொண்டார்.

நூற்றிரண்டு! சண்டைக்கு நடுவே மாடியிலிருந்து வந்த காப்பியை ஆவி பறக்கக் குடித்திருந்ததை அவரும் மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை. அம்மாக்கள் வாசலிலிருந்து ஓரடி பின்வாங்கினார்கள். வாத்தியார் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஓய், நீர் கடையைப் பாரும், நான் போய்ப் படுத்துக்கறேன்."

அதற்கப்புறமும் ஐந்து வருஷம் கடை நடத்தினேன்; விளையாடி மூளை கலங்கியவர் ஒருத்தரையும் பார்க்கவில்லை, விளையாடாமலேயே கலங்கியவர்களைத்தான் தினம் பார்த்தேன்.